கறுப்பு டி-ஷர்ட்டில் இருக்கும் முக்கோணம்: பிங்க் ஃபிளாய்ட் யாருங்க?

அனுப்பர்பாளையம் பிரிண்டிங்:
வணக்கம்ங்க. திருப்பூரில் டேபிள் பிரிண்டிங் வைத்திருக்கிறேன், பதினாறு வருடமாக இதே தொழில். கறுப்பு டி-ஷர்ட்டில் ஒரு முக்கோணம். இடப்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு உள்ளே போகும், வலப்பக்கம் வானவில் மாதிரிப் பட்டை வெளியே வரும். பையர் மாறுவார், இந்த டிசைன் மட்டும் மாறாமல் வந்துகொண்டே இருக்கும். கறுப்புத் துணி என்பதால் முதலில் வெள்ளை அடித்துக் காயவைத்து, அதன்மேல் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்க்ரீன் வைத்து அடிக்க வேண்டும். பட்டைகள் ஒட்டி ஒட்டி நிற்பதால் ஒரு நூல் நகர்ந்தாலும் நடுவில் வெள்ளை எட்டிப் பார்க்கும். பீஸ் ரிஜெக்ட்.

போன வாரம் பத்தாவது படிக்கும் மகள் ஒரு பீஸை விரித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, கருநீலம் விட்டுப்போச்சு. புத்தகத்தில் ஏழு நிறம், நீங்க ஆறுதான் அடிச்சிருக்கீங்க" என்றாள். பகீரென்றது. ஆர்ட்வொர்க்கை எடுத்துப் பார்த்தால் அதிலும் ஆறுதான். பையரிடம் கேட்டதற்கு, "பிங்க் ஃபிளாய்ட், அப்படியேதான் இருக்கும்" என்று முடித்துவிட்டார். அவர்கள் யார், கடைசிவரை ஒன்றாக இருந்தார்களா, இப்போது என்ன செய்கிறார்கள்? இத்தனை வருடம் அவர்கள் படத்தை அடித்துச் சோறு சாப்பிட்டிருக்கிறேன், தெரிந்துகொள்ள ஆசை.

பீளமேடு கேட்பவன்:
ஆறுதான் சரி, பயப்படாதீங்க. பிங்க் ஃபிளாய்ட் இங்கிலாந்து ராக் இசைக்குழு. 1973-இல் வந்த அவர்களுடைய 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசைத்தட்டின் அட்டை அது. ஹிப்னோசிஸ் என்ற லண்டன் டிசைன் குழு செய்தது, வரைந்தவர் ஜார்ஜ் ஹார்டி. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 1973 முதல் 1988-க்குள் 741 வாரம் இருந்த இசைத்தட்டு. இசைக்குழுவைப் பற்றி ஈரோட்டு அண்ணன் வந்து சொல்வார்.

ஈரோடு கீபோர்டு:
தம்பி, அந்த அட்டையிலிருந்தே ஆரம்பிக்கலாம். முந்தைய அட்டைகள் மாதிரி புகைப்படம் வேண்டாம், எளிமையாக, சுத்தமாக ஒன்று வேண்டும் என்று கேட்டவர் பிங்க் ஃபிளாய்டின் கீபோர்டு வாசிப்பாளர் ரிச்சர்ட் ரைட். நீங்கள் அடிக்கிற முக்கோணம் அவர் கேட்டு வந்தது. அவரைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

ரைட், ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன் மூவரும் லண்டனில் கட்டடக்கலை படிக்கப் போன இடத்தில் சந்தித்தார்கள். கேம்பிரிட்ஜிலிருந்து சிட் பாரெட் வந்து சேர்ந்தார். 1965-இல் குழுவுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் பாடகர்களின் பெயர்களை ஒட்டவைத்தார். ஆரம்பப் பாட்டுகள் பெரும்பாலும் அவருடையவை. ஆனால் இரண்டு மூன்று வருடத்திலேயே மனநிலை குலைந்தது. 1968-இல் அவர் விலக, அவருடைய ஊர்க்காரரும் நண்பருமான டேவிட் கில்மோர் கிட்டாருக்கு வந்தார்.

1975 ஜூன் 5-ஆம் தேதி லண்டன் ஏபி ரோடு ஸ்டூடியோவில், பாரெட்டை நினைத்து எழுதிய 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' என்ற நீளப் பாட்டின் வேலை நடந்துகொண்டிருந்தது. தலையையும் புருவத்தையும் மழித்த, உடல் பெருத்த ஒருவர் உள்ளே வந்து நின்றார். யாரென்று யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது பாரெட் என்று புரிந்தது. அந்தப் பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள், ரைட் ஜி மைனர் கார்டை (சில சுரங்களை ஒன்றாக அழுத்துவது) அப்படியே பிடித்துக்கொண்டிருப்பார், அவசரமே இருக்காது. கோபி, அந்தியூர்ப் பக்கம் நோம்பிக் கச்சேரிகளில் இருபது வருடம் கீபோர்டு வாசித்திருக்கிறேன். ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று கைக்குத்தான் தெரியும். விரல் துறுதுறுக்கும், எதையாவது போட்டு நிரப்பச் சொல்லும். அவர் நிரப்பமாட்டார்.

1979-இல் 'தி வால்' இசைத்தட்டுப் பதிவின்போது, வெளியீட்டுத் தேதியை முன்னே இழுத்ததால் ரைட்டை விடுமுறையிலிருந்து சீக்கிரம் வரச் சொன்னார்கள். அவர் மறுத்தார். வாட்டர்ஸ் பிடிவாதமாக நின்று அவரை வெளியேற்றினார். தொடங்கிய நாளிலிருந்து பங்காளியாக இருந்தவர், அடுத்து வந்த மேடை நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசித்தார். மேடையில் பெரிய சுவரே கட்டிய நிகழ்ச்சி, செலவு கையை மீறி, நஷ்டம் மற்ற மூவர் தலையில். லாபம் பார்த்தது சம்பளம் வாங்கிய ரைட் ஒருவர்தான். இதைச் சிரிப்பாகச் சொல்வார்கள், எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அனுப்பர்பாளையம் பிரிண்டிங்:
மனசு கேட்கலைங்ணா. எங்கள் ஊரில் கைமடிப்பு உதவியாளாகச் சேர்ந்த பையன் முதலாளி ஆவதைப் பார்த்திருக்கிறேன். முதலாளியை அதே கம்பெனியில் சம்பளத்துக்கு நிறுத்தினால் எப்படி வேலை செய்வார்? அப்புறம் சேர்ந்தார்களா?

ஈரோடு கீபோர்டு:
1985-இல் வாட்டர்ஸே விலகினார். தான் இல்லாமல் அந்தப் பெயர் இருக்கக் கூடாது என்று கோர்ட்டுக்குப் போனார். கடைசியில் பெயர் கில்மோரிடமும் மேசனிடமும் நின்றது. 1987 இசைத்தட்டுக்கு ரைட் திரும்பி வந்தார், அப்போதும் சம்பளத்துக்குத்தான். 1994-இல் வந்ததில் பல பாட்டுகளுக்கு இசையமைப்பாளராக அவர் பெயர் வந்தது, ஒன்றில் அவரே முன்னே நின்று பாடினார்.

வாட்டர்ஸ், கில்மோர், மேசன், ரைட் நால்வரும் மறுபடி ஒரே மேடையில் நின்றது 2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க்கில். ஆப்பிரிக்க வறுமைக்கு எதிரான லைவ் 8 நிகழ்ச்சி, நாலு பாட்டு, அவ்வளவுதான். அடுத்த வருடம் பாரெட் இறந்துபோனார். 2008 செப்டம்பரில் ரைட்டும். 2014-இல் கில்மோரும் மேசனும் சேர்ந்து, ரைட் முன்பு வாசித்துவைத்த பதிவுகளை எடுத்து அதன்மேல் ஒரு இசைத்தட்டு செய்தார்கள்.

பீளமேடு கேட்பவன்:
மேசனை விட்டுவிட்டீர்களே. குழுவின் எல்லா இசைத்தட்டிலும் இருப்பவர் அவர் ஒருவர்தான். லெ மான் 24 மணிநேரக் கார் பந்தயத்தில் ஐந்து முறை ஓட்டியவர். 2018-இல் பழைய பாட்டுகளுக்கென்றே தனிக் குழு ஆரம்பித்தார். கில்மோர் தன் கறுப்பு கிட்டாரை 2019-இல் ஏலம் விட்டார். ஏறக்குறைய 40 லட்சம் டாலர். ஏலத்தில் வந்த பணத்தைப் பருவநிலைக்காக வழக்காடும் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்.

அனுப்பர்பாளையம் பிரிண்டிங்:
நேற்று ராத்திரி ஷிஃப்ட் முடிந்து டிரையரை நிறுத்தியதும், யூனிட்டிலேயே மகளோடு உட்கார்ந்து அந்த முக்கோண இசைத்தட்டை முழுதாகக் கேட்டேன். முதலில் நெஞ்சுத் துடிப்பு. அப்புறம் கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக அடித்தபோது அவள் துள்ளி எழுந்துவிட்டாள். நடுவில் ஒரு அம்மா வார்த்தையே இல்லாமல் பாடுகிறார், எங்கள் அப்பத்தா ஒப்பாரி வைப்பது மாதிரியே இருந்தது. அடியில் பியானோ. அது ரைட்தானுங்களா?

ஈரோடு கீபோர்டு:
அவரேதானுங்க, அவர் போட்ட மெட்டும்கூட. பாடியவர் கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சாவைப் பற்றிய இசை என்று மட்டும் தெரிந்துகொண்டு, மனதில் வந்ததைப் பாடினார். கூலி 30 பவுண்டு. 2004-இல் வழக்குப் போட்டார், 2005-இல் சமரசமாகி, ரைட் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும் ஏறியது. மகளிடம் அந்தப் பாட்டை இன்னொரு முறை போட்டுக் காட்டுங்கள், அது தொடங்குவதே பியானோவில்தான்.