பாதுகாப்புப் புதுப்பிப்பு வேண்டும், அதோடு ஒட்டிக்கொண்டு வரும் விளம்பரம் வேண்டாம்: என்ன செய்வது?

காரைக்குடியிலிருந்து, பலகாரத் தொழில் செய்பவர்:

அனைவருக்கும் வணக்கம். வீட்டிலேயே மணகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் செய்து விற்கிறேன். ஆர்டர்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. பணமும் யூபிஐ வழியாக அதே கைபேசிக்குத்தான் வருகிறது. அடுப்பு எப்படியோ அப்படித்தான் எனக்கு அதுவும்.

மூன்று மாதங்களுக்கு முன், பாதுகாப்பு மேம்பாடு என்று வந்த ஒரு புதுப்பிப்பை நிறுவினேன். மறுநாள் விடியற்காலையில் பார்த்தால், பூட்டுத் திரையில் பேரனின் படம் இருந்த இடத்தில் கைக்கடிகார விளம்பரம் இருந்தது. மாவு ஒட்டிய விரலால் ஓர் அழைப்பை எடுக்கப் போக, விரல் விளம்பரத்தில் பட்டு, நான் கேட்காத ஒரு விளையாட்டுச் செயலி இறங்கத் தொடங்கிவிட்டது. அணைக்கலாம் என்று பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால், கைபேசி அணைவதற்குப் பதிலாக என்ன உதவி வேண்டும் என்று ஒரு குரல் கேட்டது. கல்யாண வீட்டார் அனுப்பும் பலகாரப் பட்டியல்களைச் சேமிக்கக்கூட இடம் போதவில்லை.

இப்போது அடுத்த புதுப்பிப்பு வந்து இரண்டு மாதமாகக் காத்திருக்கிறது. நான் 'பிறகு' என்பதையே தொட்டுக்கொண்டிருக்கிறேன். வங்கிக் கணக்கு இதில் இருப்பதால் மனம் உறுத்துகிறது. நிறுவாமலே இருந்துவிடலாமா, அல்லது தொல்லையைப் பொறுத்துக்கொண்டு நிறுவத்தான் வேண்டுமா?

தேவகோட்டையிலிருந்து, கைபேசி பழுதுபார்ப்பவர்:

ஆச்சிக்கு வணக்கம். நிறுவிவிடுங்கள், வேண்டாதவற்றை அதன் பிறகு ஒவ்வொன்றாக அணைத்துக்கொள்ளலாம். விளம்பரம் கண்ணுக்குத் தெரிகிற தொல்லை, அதை நிறுத்த வழி உண்டு. மென்பொருளில் இருக்கும் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது, அதை நீங்களோ நானோ அடைக்கவும் முடியாது.

2015 ஜூலையில், ஆண்ட்ராய்டில் 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்ற ஓட்டை இருப்பது வெளியே தெரிந்தது. எம்எம்எஸ் வழியாக ஒரு வீடியோ வந்து சேர்ந்தாலே போதும், நாம் அதைத் திறந்து பார்க்காவிட்டாலும் அயலான் கைபேசிக்குள் நுழைய வழி கிடைத்துவிடும் என்ற நிலை அப்போது இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்துதான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்பு அறிக்கை வெளியிட்டுத் திருத்தங்களைத் தருகிறது. இதில் பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. அந்த அறிக்கை ஊருக்கே பொது. ஓட்டை எங்கே இருந்தது என்பதை நாமும் படிக்கலாம், திருட நினைப்பவனும் படிக்கலாம். ஆகவே திருத்தம் வெளியான நாள் முதல், அதை நிறுவாத கைபேசிக்கு ஆபத்து கூடிக்கொண்டே போகிறது. 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்கு ஒரு திருத்தம் வெளியிட்டது. மே மாதம் வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள் உலகெங்கும் பரவியபோது சிக்கியவை அந்தத் திருத்தத்தை நிறுவாமல் விடப்பட்டிருந்த கணினிகள்தாம். அந்த இடைவெளியும் இரண்டு மாதம் என்பதால்தான் இதை உங்களுக்குச் சொல்கிறேன்.

அமைப்புகளில் கைபேசியைப் பற்றிய பகுதிக்குள் சென்று ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால், பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி தெரியும். அதை ஒரு தாளில் குறித்துவிட்டு நிறுவுங்கள். நிறுவி முடிந்ததும் வரிசையாக வரும் திரைகளை அவசரப்பட்டுத் தட்டிவிடாதீர்கள். என் கடைக்கு வருகிறவர்களில் பலர் அங்கேதான் ஏமாறுகிறார்கள்: 'ஏற்கிறேன்' பெரிய பட்டனாகப் பளிச்சென்று இருக்கும், 'தவிர்' ஒரு மூலையில் சாம்பல் நிறத்தில் இருக்கும். பூட்டுத் திரை விளம்பரத்தைப் பூட்டுத் திரை அல்லது வால்பேப்பர் பகுதியில் அணைக்கலாம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் அணைக்கும் பட்டியல் வரவேண்டும் என்று மாற்றிக்கொள்ளவும் அமைப்புகளிலேயே இடம் உண்டு. தேவையற்ற செயலியை நீக்க முடியாவிட்டால் 'முடக்கு' என்பதைத் தொடுங்கள்.

பள்ளத்தூரைச் சேர்ந்தவர், இப்போது பெங்களூரில் மென்பொருள் பணி:

ஆச்சி நிறுவ வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அணைத்துக்கொள்ளலாம் என்று தேவகோட்டை அண்ணன் எளிதாகச் சொல்லிவிட்டது எனக்கு ஒப்பவில்லை. பூட்டு மாற்ற வந்த ஆசாரி, பூட்டை மாற்றிவிட்டு முகப்புச் சுவரில் சுவரொட்டியும் ஒட்டிவிட்டுப் போனால், வீட்டுக்காரரே சுரண்டி எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோமா?

பாதுகாப்புத் திருத்தத்தையும் அதோடு ஒட்டிவரும் மற்றவற்றையும் பிரித்துத் தருவது முடியாத காரியமும் அல்ல. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், அமைப்பின் சில பகுதிகளுக்கான திருத்தங்கள் கூகுள் பிளே வழியாகத் தனியாகவே வருகின்றன. 2021இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15 வெளியானபோது, ஐஓஎஸ் 14இலேயே இருந்துகொண்டு பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெறலாம் என்று ஆப்பிள் வழி திறந்தது. சில மாதங்களிலேயே அந்த வழியை மூடியும் விட்டது. ஆகவே இரண்டையும் சேர்த்துக் கட்டித் தருவது நிறுவனங்களின் முடிவு. நம் நாட்டில் முன்கூட்டியே நிறுவப்பட்டு வரும் செயலிகள் உள்ளிட்ட விவகாரத்தில், இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தாலும், ஆணையத்தின் சில கட்டளைகளை நீக்கிவிட்டது.

நடைமுறைக்கு வருகிறேன். மாதாந்தரத் திருத்தத்தை வந்தவுடன் நிறுவுங்கள். ஆண்ட்ராய்டு பதிப்பே மாறுகிற பெரிய புதுப்பிப்பு என்றால், ஒரு வாரம் பொறுத்து, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்து, படங்களை நகலெடுத்து வைத்துவிட்டு நிறுவுங்கள். பல கைபேசிகளில் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. செயலிகளையும் மறக்காதீர்கள். 2019இல் ஓர் அழைப்பு வந்தாலே, அதை எடுக்காவிட்டாலும், உளவு மென்பொருள் புகுந்துவிடும் ஓட்டை வாட்ஸ்அப்பில் இருந்தது. அதற்கான தீர்வு வாட்ஸ்அப் செயலியின் புதுப்பிப்பாகவே வந்தது.

கோட்டையூரிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் ஏபிகே கோப்பு, அதாவது செயலியை நிறுவும் கோப்பு, வாட்ஸ்அப்பில் வந்தால், தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்திருந்தாலும் நிறுவாதீர்கள். நாமே கதவைத் திறந்து அனுமதி கொடுத்தால், எந்தப் புதுப்பிப்பும் முழுக் காவல் ஆகாது. கல்யாண வீடுகளோடு தொழில் செய்யும் உங்களுக்கு அழைப்பிதழ்கள் நிறைய வரும் என்பதால் சொல்லத் தோன்றியது.

காரைக்குடியிலிருந்து, கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு, அடுப்படி வேலை முடிந்த பிறகு நிதானமாக உட்கார்ந்து நிறுவினேன். தேதியைத் தாளில் குறித்திருந்தேன். நான்கு மாதம் முன்னேறியிருக்கிறது. நடுவில் ஐந்து திரைகள் வந்தன. தம்பி சொன்னபடியே 'தவிர்' மூலையில்தான் இருந்தது. கண்ணாடி போட்டுத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. பேரனின் படம் திரும்ப வந்துவிட்டது, பவர் பட்டனும் இப்போது கைபேசியை அணைக்கிறது.

ஒரு கடைச் செயலிக்கு மட்டும் 'முடக்கு' என்ற சொல் மங்கலாகவே இருக்கிறது, தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. அதன் அறிவிப்புகளை மட்டும் நிறுத்தியிருக்கிறேன். சனிக்கிழமை ஒரு கல்யாண வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கத் தேவகோட்டைக்கு வருகிறேன். தம்பி, அப்போது கைபேசியைக் கடைக்குக் கொண்டுவந்தால், வாட்ஸ்அப் செய்திகள் அழியாமல் அந்தக் கடைச் செயலியை எடுத்துத் தர முடியுமா?