சைலன்ஸர் மேல் வரும் தகட்டுக்கு என்ன சொல்?

நண்பர்களே,
இருசக்கர வண்டிப் பழுதுபார்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கெடு. சைலன்ஸரை மாற்றிய பிறகு ஹீட் ஷீல்டை எப்படிப் பொருத்துவது என்று ஒரு பாடம். 'வெப்பக் கவசம்' என்று போட்டேன். கவசம் வடசொல் என்று சரிபார்ப்பவர் சுழித்துவிட்டார். வேறு என்ன போடலாம்?
— மொழிபெயர்ப்பவள்

அம்மா,
கவசத்துக்கு மெய்ம்மறை இருக்கிறதே! பதிற்றுப்பத்தில் சேரனையே 'சான்றோர் மெய்ம்மறை' என்கிறார்கள். குழாய்க்கு மெய் வேண்டாம் என்றால், வெம்மை + மறை = வெம்மறை. ஈறுபோதல், நன்னூலில் உள்ளதுதான்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

ஐயா, 'வெம்மை வேண்டல்' என்கிறது தொல்காப்பிய உரியியல். வெம்மறை ஆசையை மறைப்பதாகவும் ஆகிவிடும். கேடயத்துக்குக் கிடுகு என்றும் பழம்பெயர் உண்டு. 'வெப்பக் கிடுகு' எப்படி?
— கோவையிலிருந்து

எங்கட ஊரிலை கிடுகு எண்டால் பின்னின தென்னோலை. வேலி அடைக்கிறது, கூரை வேயிறது. அதையோ சைலன்சரிலை கட்டச் சொல்லுறியள்?
— யாழ்ப்பாணத்திலிருந்து

'வெந்தகடு' என்று சுருக்கமாக வைத்தால்?
— கோவையிலிருந்து, மறுபடியும்

அது தோசைக்கல். (இரும்பான பிறகும் அது ஏன் கல் என்பதற்குத் தனி இழை தொடங்கலாம்.)
— மொழிபெயர்ப்பவள்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஐ.டி.ஐ. வாத்தியார். பட்டறையில் அதற்குப் பெயர் 'சைலன்ஸர் கார்டு'. பெயர் எதுவானாலும் 'உறை', 'போர்வை' மட்டும் வேண்டாம். அந்தத் தகடு குழாயைப் போர்த்துவதில்லை, சற்றுத் தள்ளி நிற்கிறது. நடுவில் இருக்கும் காற்றுதான் பாதி வேலையைச் செய்கிறது. உறை என்று படித்த பையன் தகட்டைக் குழாயோடு ஒட்டவைத்து நாலு இடத்தில் வெல்டு வைத்துவிடுவான். ஒரு மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் 500 டிகிரி சூடேறினால் சுமார் 8 மில்லிமீட்டர் நீளும். தகடு அவ்வளவு சூடாகாது, அவ்வளவு நீளாது. பற்று விட்டுப்போய்க் கடகடவென்று ஆடும்.

புதுக் குழாயில் பழைய துளைகள் பொருந்தாது. அதனால் ஸ்டெயின்லெஸ் கிளாம்பு இரண்டு, தகட்டுக்கு அடியில் வாஷர். ஒரு பக்கம் இறுக்கி முடுக்கு. மறுபக்கம் நீள்துளை, நகர இடம் வேண்டும். போன மாதம் ஒரு பையன் கார்டே போடாமல் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து வந்தான். நைலக்ஸ் புடவையின் ஓரம் குழாயில் உருகிக் கறுப்பாக ஒட்டியிருந்தது. வகுப்பில் அதைச் சுரண்டிக் காட்டித்தான் பாடத்தைத் தொடங்கினேன்.
— ஐ.டி.ஐ. வாத்தியார்

அப்படியானால் 'இடைத்தகடு'!
— ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

எதற்கு இடையில் ஐயா? கிளட்ச்சிலும் தகடுகள் இருக்கின்றன.
— கோவையிலிருந்து

நண்பர்களே,
'வெப்பத்தடுப்புத் தகடு' என்று போட்டு அனுப்பிவிட்டேன். நாலு பேர் சரி என்றீர்கள், மற்றவர்கள் களைத்துவிட்டீர்கள். அடைப்புக்குள் 'சைலன்ஸர் கார்டு' சேர்த்திருக்கிறேன்.
— மொழிபெயர்ப்பவள்

அது வெப்பத்தைத் தடுக்கவில்லை, தணிக்கிறது. 'வெப்பந்தணி' என்பதே பொருத்தம். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

அம்மா, 'முடுக்கு' என்ற சொல்லையாவது விட்டுவைத்தார்களா?
— ஐ.டி.ஐ. வாத்தியார்

இல்லை சார். 'பிணைக்கவும்' என்று மாற்றிவிட்டார்கள்.
— மொழிபெயர்ப்பவள்