வயலோர வீட்டில் பாம்பு: அடிப்பதா, விடுவதா?

வயலோரத்தான்:
கும்பகோணம் பக்கம் வயலை ஒட்டி வீடு கட்டிக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. சம்பா அறுவடை முடிந்த பிறகு மூன்று பாம்பு பார்த்துவிட்டோம். இரண்டு சாரை. மூன்றாவது விறகுக் குவியலுக்குள் போய்விட்டது, என்னவென்று தெரியவில்லை. பாம்பு அண்டாது என்று அம்மா வாசலில் சிறியாநங்கைச் செடி நட்டிருக்கிறார். நான் வேலியைச் சுற்றிப் பழைய மீன்வலை கட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் பினாயில் ஊற்றச் சொல்கிறார். வேறென்ன செய்யலாம்?

காவிரிக்கரை:
நல்ல மூங்கில் தடி ஒன்று வாசலில் வையுங்கள் தம்பி. கண்டால் அடி, அவ்வளவுதான். என் பெரியப்பா கட்டு விரியன் கடித்துப் படுத்த பாயிலேயே போனவர்.

தவளைக்குளம்:
அண்ணே, பெரியப்பா விஷயம் வருத்தம்தான். ஆனால் இதுவரை உங்கள் தடியில் செத்தவற்றில் எத்தனை சாரை? விஷமில்லாத அது வயல் எலியைத் தின்று வாழ்கிறது. அதை அடித்தால் எலி பெருகும், எலியைத் தேடி நல்ல பாம்பு வரும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி பாம்பை அடிப்பது குற்றமும்கூட.

காவிரிக்கரை:
ராத்திரி இருட்டில் சாரையா நல்லதா என்று உரித்தா பார்ப்பது? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஆய்வாளர்களே கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்து ஜனம். சட்டம் பேசுகிறவர்கள் யாரும் தரையில் பாய் விரித்துப் படுப்பதில்லை.

தவளைக்குளம்:
அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டு விரியன் வருவது நடுராத்திரியில், நீங்கள் தூங்கும்போது. தடி மூலையில் சாத்தியிருக்கும். கடித்தாலும் பெரிதாக வலிக்காது, வீங்காது. விடிகாலையில் வயிறு வலிக்கும், கண் இமை தொங்கும், ராத்திரி சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார்கள். இதற்குக் கட்டில் உதவும். பாய்தான் என்றால் கொசுவலையைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிப் படுக்க வேண்டும்.

வயலோரத்தான், சிறியாநங்கையைப் பிடுங்க வேண்டாம், அம்மா வருத்தப்படுவார். ஆனால் அதை நம்பிக் கதவைத் திறந்து வைக்காதீர்கள். பினாயிலும் பூண்டும் அப்படித்தான். விறகை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, தரையில் படாமல் மேடை போட்டு அடுக்குங்கள். குளியலறைத் தண்ணீர் வெளியேறும் ஓட்டைக்குச் சல்லடை, கதவடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை. கோழி வளர்த்தால் சிந்திய தீவனத்தை அன்றன்றே கூட்டுங்கள், எலி அதற்குத்தான் வருகிறது. மீன்வலையை மட்டும் இன்றைக்கே கழற்றுங்கள். வலையில் சிக்கிய பாம்பு உயிரோடு கிடந்து துடிக்கும். அதை எடுத்துவிட யார் கையை நீட்டுவது?

காவிரிக்கரை:
வலை பற்றி ஒத்துக்கொள்கிறேன். தடி பற்றி இல்லை.

வார்டு அக்கா:
இருபது வருடம் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள், ஒன்று சொல்கிறேன். அடிக்கப் போய்க் கடிபட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். செத்த பாம்பைப் பையில் போட்டுக் கொண்டுவருபவர்களும் உண்டு. அது தேவையே இல்லை. நாம் போடும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒன்றுதான். அதற்கான விஷத்தை எடுப்பவர்கள் மாமல்லபுரம் பக்கத்து இருளர்கள், 1978லிருந்து கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கிறார்கள். கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். நேராக ஆஸ்பத்திரிதான்.

வயலோரத்தான்:
எல்லாருக்கும் நன்றி. கழற்றலாம் என்று போனால் வலையில் ஒன்று சிக்கியிருக்கிறது. சாரை என்கிறார் அம்மா. குட்டையாக, தடிப்பாக, முதுகில் சங்கிலி கோத்த மாதிரி வட்டங்கள்.

தவளைக்குளம்:
அது சாரை இல்லை, கண்ணாடி விரியன்! எட்டி நில்லுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் கூப்பிடுங்கள்.

காவிரிக்கரை:
நானும் சொல்கிறேன், கிட்டே போகாதே தம்பி. குக்கர் விசில் மாதிரி சீறும்.

வயலோரத்தான்:
சீறியது! தீயணைப்பு வண்டி வந்து, வலையை அறுத்து, பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். விறகு இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்.

காவிரிக்கரை:
கையை விடச் சொல்லாதே. என் தடியை அனுப்புகிறேன், அதை வைத்து முதலில் கிளறச் சொல்.