பனி கொட்டுறது நின்னுடுச்சு, இனி பனிச்சரிவு பயம் இல்லையா?

பர்கூர்காரன்:
என் தம்பி ஆர்மில, இப்ப லடாக் பக்கம். மூணு நாளா விடாம பனியாம், நேத்து போன்ல "வானம் கிளியர் ஆயிடுச்சுண்ணா, ஆனா வெளிய விட மாட்டேங்குறாங்க"ன்னான். 2016 பிப்ரவரில சியாச்சின்ல மெட்ராஸ் ரெஜிமென்ட்ல பத்து பேர் போனாங்களே, அதுல ஒருத்தர் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம், அதுலேர்ந்து பனின்னாலே அம்மாவுக்கு தூக்கம் போயிடுது. இனி பயம் இல்லம்மான்னு சொல்லிடலாமா?

பென்னாகரம்_எக்ஸ்சர்வீஸ்:
அப்படி சொல்லாதீங்க தம்பி. பனி நின்ன அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்தான் இன்னும் உஷாரா இருக்கணும். குளிர்காலம் முழுக்க கிடந்த பழைய பனில சில அடுக்கு ரவை மாதிரி ஒட்டாம உதிரியா இருக்கும், அதுமேல புதுப்பனி திடீர்னு பாரம் ஏத்துது, போதாததுக்கு காத்து ஒரு பக்கத்து பனிய வாரி மலையோட மறுபக்கம் பலகையா கட்டி வெச்சிடும், அப்புறம் வெயில் ஏறுச்சுன்னா ஒரு ஆள் கால் வெச்சாலே மொத்தமா பிச்சுக்கிட்டு வரும். பெரும்பாலும் 30லேர்ந்து 45 டிகிரி சரிவுலதான் இது நடக்கும். வெளிய விடலன்னு சொன்னான் பாருங்க, அம்மாகிட்ட அதைத்தான் சொல்லணும், அவங்க ஆபீசர் சரியா பாத்துக்குறாரு.

ஓசூர்_மலையேறி:
சார் சொன்னது கரெக்ட். ஆனா சியாச்சின்ல அன்னைக்கு விழுந்தது பெரிய ஐஸ் சுவர், இது மாதிரி புதுப்பனி இல்ல, ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க. 2025 பிப்ரவரி 28ல உத்தரகாண்ட் மாணா பக்கம் ரோடு வேலை ஆளுங்க தங்கியிருந்த கன்டெய்னர் மேலயே சரிவு விழுந்துச்சு, 46 பேர மீட்டாங்க, 8 பேர் போயிட்டாங்க. அதனால கேம்ப் எந்த சரிவுக்கு கீழ இருக்குங்குறதும் முக்கியம். சண்டிகர்ல இருக்குற டிஜிஆர்இ (ராணுவ ஆராய்ச்சி அமைப்பு டிஆர்டிஓவோட ஒரு நிலையம்) தினமும் பனிச்சரிவு எச்சரிக்கை போடுது, மாவட்ட வாரியா கலர்ல இருக்கும், அதை பாருங்க, டிவிய பாக்காதீங்க.

பர்கூர்காரன்:
ரொம்ப நன்றிண்ணா. இன்னைக்கு காலைலேர்ந்து போன் போகல, அதான் வயித்த கலக்குது.

பென்னாகரம்_எக்ஸ்சர்வீஸ்:
புயலுக்கு அப்புறம் டவர் கரண்ட் இல்லாம கிடக்குறது அங்க சகஜம் தம்பி. ரெண்டு நாள் ஆனாலும் பதறாதீங்க. அவன் எந்த போஸ்ட்ல இருக்கான்னு மட்டும் இங்க யார் கேட்டாலும் போடாதீங்க.