அவுஸ்திரேலியாவுக்குப் படகேறியவர்கள்: நாங்கள் கண்டதும் பட்டதும்

மட்டக்களப்பிலிருந்து ஓர் அக்கா:

என் தம்பி 2022 மே மாதம் போனான். டீசலுக்கும் காஸுக்கும் நாள் முழுக்க வரிசையில் நின்ற காலம் அது. தம்பி மேசன். சீமெந்து விலை ஏறியதும் அவனுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. "அங்கே தேர்தல் வருது, புது அரசாங்கம் வந்தால் படகுகளை உள்ளே விடுவாங்கள்" என்று ஏஜென்சிக்காரன் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். அது முழுப் பொய். படகுகளைத் தடுக்க 2013 செப்டம்பரில் தொடங்கிய 'இறையாண்மை எல்லைகள் நடவடிக்கை' ஆட்சி மாறிய பிறகும் அப்படியேதான் தொடர்ந்தது.

அம்மாவின் தாலிக்கொடியை ஈடு வைத்துத்தான் முற்பணம் கொடுத்தோம். படகை அவுஸ்திரேலியக் கப்பல் நடுக்கடலில் மறித்து, எல்லோரையும் விமானத்தில் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. கட்டுநாயக்கவில் விசாரணை, பிறகு நீர்கொழும்பு நீதவான் முன்னால் நிறுத்தினார்கள். அங்கீகரிக்கப்பட்ட துறைமுகமோ விமான நிலையமோ அல்லாத வழியில் நாட்டை விட்டுப் போவது 1948ஆம் ஆண்டுக் குடிவரவு குடியகல்வுச் சட்டப்படி குற்றம். படகேறும்போது இதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பிணைக்கு வீட்டு ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். இரவு பஸ் பிடித்துப் போனேன். நீதிமன்ற வளவில் நின்றவர்கள் எல்லாம் படகில் போன பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மாரும்தான். காசு வாங்கியவன் அங்கே இல்லை, அவனுடைய போனும் வேலை செய்யவில்லை. ஈட்டுக்கு வட்டி இன்னும் ஓடுகிறது. பயணிகளைப் பிடிக்கிற வேகத்தில் பாதியாவது அவனைத் தேடுவதில் இருந்திருந்தால் எங்கள் ஊரிலிருந்து அடுத்த படகு புறப்பட்டிருக்காது.

மெல்பேர்னிலிருந்து ஒருவர்:

நான் 2012இல் வந்தவன். 2013 ஜூலை 19க்குப் பிறகு படகில் வந்தவர்களுக்கு இந்த நாட்டில் குடியேற இடமே இல்லை என்று அரசு அறிவித்தது. அவர்களை நவுறு என்ற பசிபிக் தீவு நாட்டுக்கும் பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவுக்கும் அனுப்பினார்கள். முன்னாடியே வந்ததால் நான் தப்பினேன் என்று ஊரில் நினைக்கிறார்கள். ஆனால் என் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டுவிட்டது. 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தார்கள், அதில் என்னைப் போல நிராகரிக்கப்பட்டவர்கள் இல்லை. இறுதி முடிவு வரும்வரை தங்க விடுகிற தற்காலிக 'இணைப்பு விசா'வைப் (bridging visa) புதுப்பித்துப் புதுப்பித்தே இருக்கிறேன். அப்பாவின் செத்தவீட்டுக்குக்கூடப் போக முடியவில்லை. யாராவது ஊரிலிருந்து போன் எடுத்து "ஏதாவது வழி இருக்கா அண்ணே" என்று கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு படகு உரிமையாளர்:

2022இல் மீன்பிடிப் படகுகளுக்கென்று அவுஸ்திரேலியா 4,000க்கும் மேற்பட்ட ஜிபிஎஸ் கருவிகளைத் தர முன்வந்தது. சிலருக்கு அது பிடிக்கவில்லை, நான் வரவேற்கிறேன். ஆறேழு பேர் தொழிலுக்குப் போகிற பலநாள் படகில் ஐம்பது அறுபது பேரை அடைத்து இந்து சமுத்திரத்தைக் கடப்பது கொலைக்குச் சமம். ஒரு தடவை என் பழைய படகை, பெறுமதியைவிடக் கனக்க விலைக்குக் கேட்டு ஆள் வந்தது. இஞ்சினைக்கூடத் திறந்து பார்க்கவில்லை, எத்தனை பேர் படுக்கலாம் என்றுதான் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. படகு எங்கே போகிறது என்பதைக் கருவி காட்டும். அந்தப் படகை யார், யாருடைய பெயரில் வாங்கினான் என்பதைக் கரையில் விசாரித்தால்தான் கண்டுபிடிக்கலாம்.

மீண்டும் மட்டக்களப்பு அக்கா:

படகுக்கார அண்ணா சொன்னது சரி. காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் எங்கள் பக்கத்து ஊர்க்காரன், அதனால்தான் யாரும் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள். நாங்கள் வங்கியில் காசு போட்ட சிட்டையையும் அவன் அனுப்பிய குரல் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருந்து, முறைப்பாட்டோடு பொலிஸில் கொடுத்தோம். அதற்குப் பிறகு அதே படகில் போன இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள். இதே ஆளிடம் காசு கொடுத்தவர்கள் வேறு யாராவது இருந்தால், தயவுசெய்து சிட்டையைக் கிழித்துப் போடாதீர்கள்.