ஆஸ்துமா உள்ள மிட்ஃபீல்டர்: பால் ஸ்கோல்ஸ் கதை எவ்வளவு நிஜம்?

இன்ஹேலர்_அப்பா:

வணக்கம். என் பையனுக்கு 13 வயது. வீசிங் உண்டு, இன்ஹேலர் இல்லாமல் வாசல்படி இறங்கமாட்டான். பள்ளி அணியில் நடுவில், மிட்ஃபீல்டில் ஆடுகிறான். ஆள் குள்ளம். குரூப் போட்டோ என்றால் முதல் வரிசையில் தரையில் உட்காரவைத்துவிடுவார்கள்.

போன மாதம் ஒரு அகாடமி தேர்வுக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த கோச் பந்தைக் கொடுத்துப் பார்ப்பதற்கு முன்பே இவனை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த உடம்புக்கு நடுவில் தாங்காது சார், விங்கில், ஓரமா வேணா போட்டுப் பார்க்கலாம்" என்றார். பைக்கில் வீடு வந்துசேரும் வரை பையன் வாயே திறக்கவில்லை.

மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடிய பால் ஸ்கோல்ஸுக்கும் ஆஸ்துமா என்று எங்கோ படித்தேன். நான் கிரிக்கெட் ஆள், கால்பந்து இவனால்தான் பார்க்க ஆரம்பித்தேன். யூடியூபில் தேடினால் ஸ்கோல்ஸ் அடித்த கோல்களாக வருகின்றன. கணக்குப் பார்த்தால் 718 ஆட்டத்தில் 155 கோல். நல்ல கணக்குதான், ஆனால் இதற்காகவா இவ்வளவு கொண்டாட்டம்? ஆஸ்துமா விஷயம் உண்மையா? பையனுக்குப் போட்டுக்காட்ட எந்த மேட்ச் நல்லது?

நைட்ஷிப்ட்_18:

ஆஸ்துமா உண்மைதான் சார். கூடவே சின்ன வயதில் முழங்காலிலும் பிரச்சினை. எலும்பு வளரும் பருவத்தில் முட்டிக்குக் கீழே வலி வரும், ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள். ஆள் ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பெக்கம், நெவில், பட், கிக்ஸ் எல்லாம் 1992-இல் இளைஞர் எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியபோது இறுதி ஆட்ட அணியில் இவர் கிடையாது. அதே வயது, அதே கிளப். அப்போதும் இந்த "உடம்பு தாங்குமா" கேள்விதான். 1994 செப்டம்பரில் லீக் கோப்பையில் போர்ட் வேல் அணிக்கு எதிராக முதல்முறை இறக்கிவிட்டார்கள். 2-1 வெற்றி, இரண்டு கோலும் இவருடையது.

ஆனால் சார், நீங்கள் கோல் வீடியோ பார்ப்பதுதான் தப்பு. நான் இருபது வருடம் நைட் ஷிப்டுக்கு நடுவே யுனைடெட் பார்த்தவன், என் பேச்சைக் கொஞ்சம் கேளுங்கள். நல்ல பேட்ஸ்மேன் பந்து வருவதற்கு முன்பே எந்த ஃபீல்டர் எங்கே நிற்கிறான் என்று ஒரு சுற்றுப் பார்த்து வைத்துக்கொள்வான் இல்லையா? ஸ்கோல்ஸ் அதை ஓடிக்கொண்டே, தொண்ணூறு நிமிடமும் செய்வார். வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை, இடது தோளுக்கு மேல் ஒன்று. பந்து காலுக்கு வரும்போது அடுத்து எங்கே போக வேண்டும் என்பது முடிவாகியிருக்கும். அதனால் ஒரே தொடுகை. எதிராளி மேலே வந்து விழுவதற்குள் பந்து நாற்பது கஜம் தள்ளிப் போய்விடும். உடம்பை வைத்து மோதவே தேவையில்லை. உங்கள் கோச் "தாங்காது" என்றாரே, தாங்குகிற நிலைமை வந்தால்தானே!

அந்த நாற்பது கஜத்துக்கு ஒரு கதை உண்டு. பயிற்சி மைதானத்தில் யாராவது அவசரத்துக்குப் புதரோரம் ஒதுங்கினால், ஸ்கோல்ஸ் தூரத்தில் இருந்தே பந்தை அடித்துப் பின்மண்டையில் படவைப்பாராம். கூட ஆடியவர்கள் இன்றைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள்.

தொடக்கத்தில் அவர் ஃபார்வர்டுக்கு, அதாவது முன்னே நின்று கோல் அடிக்கிறவருக்கு, பின்னால் ஆடியவர். யுனைடெட் கேப்டன் ராய் கீன் 1997-இல் அடிபட்டு வெளியே போனபிறகுதான் நடுக்களத்தில் நிலைத்தார். 2002-03 சீசனில் மீண்டும் முன்னே ஆடவிட்டார்கள், மொத்தம் 20 கோல். வயது ஏற ஏறப் பின்னே வந்து, அங்கிருந்தே ஆட்டத்தை ஓட்டினார். ஆக ஒரே ஆள், மூன்று வேலை.

பையனுக்கு இரண்டு காட்டுங்கள். ஒன்று, 2000 மார்ச்சில் பிராட்ஃபோர்டு ஊரில் நடந்த ஆட்டம். பெக்கம் கார்னர் அடிக்கிறார். எல்லாரும் கோலுக்கு முன்னால் முட்டிக்கொண்டு நிற்க, ஸ்கோல்ஸ் மட்டும் பெனால்டி பெட்டிக்கு வெளியே தனியாக. பந்து நேரே அவரிடம் வருகிறது. தரையில் விழவிடாமல் அப்படியே ஒரு வாலி. முக்கியமான விஷயம் அந்த உதை இல்லை, அங்கே போய் யாரும் கவனிக்காதபடி நின்றதுதான்.

இன்னொன்று 2008 ஏப்ரல் 29, ஓல்டு டிராஃபோர்டு, பார்சிலோனாவோடு சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. பதினான்காவது நிமிடம், ஜாம்பிரோட்டா சரியாக வெளியேற்றாத பந்து இவர் காலுக்கு வந்தது. இருபத்தைந்து கஜம் இருக்கும், ஒரே அடி, மேல் மூலை. இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து விழுந்த ஒரே கோல் அதுதான். ஆனால் பையனை அந்தக் கோலோடு நிறுத்தவிடாதீர்கள், முழு ஆட்டத்தையும் பார்க்கவையுங்கள். எதிரே பார்சிலோனாவின் நடுக்கள ஆட்டக்காரர் சாவி. பிற்பாடு அதே சாவி, தான் பார்த்த நடுக்கள ஆட்டக்காரர்களில் ஸ்கோல்ஸைப் போல் இன்னொருவர் இல்லை என்கிற அளவுக்குப் பேட்டி கொடுத்தார்.

கோப்_மூலை:

நைட்ஷிப்ட் அண்ணே, பக்தி பரவசம் எல்லாம் சரி. டாக்கிள் விஷயத்தை, அதான் எதிராளி காலில் இருந்து பந்தைப் பறிக்கிறதை, ஏன் முழுங்கிட்டீங்க? ஸ்கோல்ஸ் டாக்கிள் என்றாலே காலம் தப்பி வருகிற ரயில்தான். பழைய வெம்ப்ளியில் சிவப்பு அட்டை வாங்கிய ஒரே இங்கிலாந்து ஆட்டக்காரர் அவர்தான், 1999 ஜூன், ஸ்வீடனோடு. அதற்கு முந்தைய மாதம் என்ன நடந்தது? சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஆட முடியவில்லை. டூரின் ஊரில் நடந்த அரையிறுதியில் மாற்று ஆளாக இறங்கி வாங்கிய மஞ்சள் அட்டையின் புண்ணியம், அட்டைக் கணக்கு ஏறி இறுதிக்குத் தடை. சின்னப் பையனுக்கு முன்மாதிரி என்று காட்டும்போது இதையும் சொல்லுங்கள்.

இங்கிலாந்துக்கு 66 ஆட்டம், 14 கோல். 29 வயதில் விலகிவிட்டார். எங்கள் லிவர்பூலின் ஜெரார்டு அதற்குப் பிறகும் எத்தனை வருடம் ஆடினார்!

நைட்ஷிப்ட்_18:

கோப் என்றால் லிவர்பூல் மைதானத்தின் ரசிகர் மேடை, லிவர்பூல் ஆள் என்று பெயரிலேயே எழுதியிருக்கிறது, சரி. டாக்கிள் மோசம் என்பதை ஒத்துக்கொள்கிறேன் தம்பி. அதில் வாதாடினால் எனக்கே சிரிப்பு வரும்.

இங்கிலாந்து கதை மட்டும் வேறு. 1999 மார்ச்சில் போலந்துக்கு எதிராக ஹாட்ரிக், நவம்பரில் ஸ்காட்லாந்தின் ஹாம்ப்டன் பார்க்கில் இரண்டு கோல். இப்படி ஆடிய ஆளை 2004 யூரோவில் எங்கே நிறுத்தினார்கள்? இடது ஓரத்தில். நடுவில் ஜெரார்டும் லாம்பார்டும் ஆட வேண்டுமாம். சுற்றிலும் பார்த்து ஆடுகிறவனைக் கோட்டோரம் ஒட்டவைத்தால் பாதி மைதானம் அவனுக்கு இல்லை. பின்னால் பார்க்க என்ன இருக்கிறது, விளம்பரப் பலகையா? இன்ஹேலர் சார், உங்கள் கோச் "விங்கில் போடுங்க" என்றதும் எனக்கு முதலில் இதுதான் ஞாபகம் வந்தது.

1999 சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குச் சில நாள் முன்னால் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் நியூகாசிலுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். ஆனால் அந்த இறுதி நடந்த பார்சிலோனா ஊரில் கோட் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று. அதனால்தான் 2008-இல் மாஸ்கோ இறுதிக்குத் தேறியதும், அணிப் பட்டியலில் முதல் பெயர் ஸ்கோல்ஸ் என்று யுனைடெட் மேனேஜர் ஃபெர்குசன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மழையில் நடந்த ஆட்டம், எதிரணி செல்சியின் மகலேலேயோடு மோதி மூக்கில் ரத்தம். பெனால்டியில் வென்றார்கள்.

மொட்டைமாடி_டீம்:

யாரும் 2012-ஐச் சொல்லவில்லையே! 2011 மே மாதம் ஓய்வு, வழியனுப்பு ஆட்டமும் முடிந்தது. 2012 ஜனவரி 8, மான்செஸ்டர் சிட்டியோடு எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். உடைமாற்றும் அறைக்கு வந்த கூட்டாளிகளுக்கே அங்கே 22 என்று சட்டை தொங்குவதைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்ததாம். விளம்பரம் கொடுக்கும் கம்பெனியிடம் கேட்டால் ரகசியம் போய்விடும் என்று கடையில் நாற்பது பவுண்டுக்கு ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். பேட்டா கடைக்குப் போகிற நம்ம ஊர் ஆள் மாதிரி!

இறங்கியதும் ஒரு பந்தைத் தவறவிட்டு அதில் சிட்டியின் அகுவேரோ கோல் அடித்தது வேறு விஷயம். ஆனாலும் 3-2 என்று யுனைடெட் வென்றது. அடுத்த வாரம் போல்டனோடு அவரே கோல் அடித்தார். 2013-இல் ஃபெர்குசனோடு சேர்ந்து நிஜமாகவே முடித்தபோது லீக் பட்டம் பதினொன்று.

இன்னொரு விஷயம் சார். 2006 தொடக்கத்தில் கண் பார்வை மங்கி மாதக்கணக்கில் ஆடவில்லை. பார்த்து ஆடுகிற மனுஷனுக்குப் பார்வையே போய்விடுமோ என்கிற நிலை. அதன் பிறகு வந்ததுதான் நைட்ஷிப்ட் அண்ணன் சொன்ன பார்சிலோனா கோல்.

இன்ஹேலர்_அப்பா:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்சிலோனா மேட்ச் முழுசும் பார்த்தோம். பையன் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தான், ஸ்கோல்ஸ் தலையைத் திருப்பும்போதெல்லாம் ஒரு கோடு. கேமரா அவரை விட்டு நகரும்போது என்னைத் திட்டினான். கோல் விழுந்தபோதுகூட ரிவைண்ட் பண்ணச் சொன்னது பந்து வருவதற்கு முந்தைய மூன்று விநாடிக்குத்தான்.

நேற்று பள்ளி மைதானத்தில் நான் ஓரத்தில் நின்று அவனுக்கும் கோடு போட்டேன். முதல் பாதியில் பதினேழு. வந்து பார்த்துவிட்டு "நீங்க சும்மா தலை ஆட்டினதையும் எண்ணிட்டீங்க, அதில் நாலு அம்மா வந்தாச்சானு பார்த்தது" என்றான். இரண்டு பஃப் அடித்துவிட்டு மறுபடி நடுவுக்கே ஓடினான்.

டாக்கிள் பகுதியை மட்டும் காட்டவில்லை.