சீனத் தோழியை ‘ரெயின்போ’ என்று கூப்பிடலாமா?

கேள்வி: கொழும்புத் துறைமுக நகரத்தில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்யும் சீனப் பெண் மின்னஞ்சலின் கீழே ‘ரெயின்போ’ என்று போடுகிறார், இன்னொருவர் ‘ஆப்பிள்’. கூட்டத்தில் அப்படியே கூப்பிட்டால் மரியாதைக் குறைவாகிவிடாதா?

வெள்ளவத்தை அக்கா: தாராளமாகக் கூப்பிடுங்கள் தம்பி. சீனர்கள் நல்ல பொருளுள்ள எழுத்துகளைத் தேடிச் சேர்த்துத்தான் பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள், மழைக்கும் பனிக்கும் உரிய எழுத்துகள்கூடப் பெயரில் வரும், அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் பிடித்த சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். நம்மிடம் நிலா, மலர், முத்து இல்லையா?

கொட்டாஞ்சேனை வாசகர்: பலருக்குப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர் வைத்த பெயரே ஒட்டிக்கொள்ளும். சிலர் ஒலி பார்ப்பார்கள், ‘மெய்’ என்பவர் ‘மே’ ஆகிவிடுவார்.

கேட்டவர்: சரி அக்கா, இன்று பிளேன்டீ குடிக்கும்போது ரெயின்போவிடமே கேட்டேன். அவருடைய சீனப் பெயரில் ‘ஹொங்’ இருக்கிறது, அதற்கு வானவில் என்றுதான் பொருளாம், தாளில் எழுதியும் காட்டினார்.